வேலந்தாவளத்திலிருந்து வெளிநாட்டு வார்டு வரை: சுகாதாரப் படிப்பு மாணவர்களுக்கான தன்னார்வப் பயண வழிகாட்டி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் ரோட்டில் ஒரு கடைப் பலகை தமிழில் இருந்தால் அடுத்தது மலையாளத்தில் இருக்கும். நான் வளர்ந்தது அங்கேதான். வீட்டிலும் பள்ளியிலும் தமிழ், வில்லேஜ் ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் மலையாளம். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருஷத்தில், 2012-இல், நேபாள மலைக் கிராமம் ஒன்றின் சுகாதார நிலையத்துக்கு நான்கு வாரம் தன்னார்வலராகப் போனேன். இப்போது நர்சிங் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் யாராவது வந்து, "மேம், வெளிநாட்டுல வாலன்டியரா போகணும், எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். பாதிப் பேர் எங்கள் சித்தூர் தாலுகா தமிழ்ப் பிள்ளைகள். தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களும் உண்டு. ஆந்திரப் பக்கம் இருக்கிற இன்னொரு சித்தூரிலிருந்தும் குப்பத்திலிருந்தும் போனில் கேட்டவர்களும் உண்டு.

அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். எம்.பி.பி.எஸ்., நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, லேப், ஆப்டோமெட்ரி என்று எதைப் படித்தாலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் படி: எதற்குப் போகிறோம் என்று தீர்மானியுங்கள்

நேபாளத்தில் எனக்கு இரண்டாவது வாரம். ஆறு வயதிருக்கும் ஒரு பையன், காய்ச்சல். அங்கிருந்த ஊழியர் மருந்தை சிரிஞ்சில் ஏற்றி என் கையில் கொடுத்து, "நீ போடு" என்று சைகை காட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் போட்டேன். சாயங்காலம் தங்கியிருந்த வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் உறைத்தது. அது என்ன மருந்து என்று நான் பார்க்கவில்லை. முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று அந்த அம்மாவிடம் கேட்க எனக்கு மொழி இல்லை. எங்கள் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் பக்கத்தில் நிற்காமல் ஒரு குழந்தைக்கு ஊசி போட என்னை விட்டிருக்கவே மாட்டார்கள். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால், எனக்கு ஊர் திரும்ப டிக்கெட் இருந்தது, அவனுக்கு அது மட்டும்தான் ஊர்.

அதனால் நான் சொல்லும் முதல் விதி இது: இங்கே உங்களுக்கு அனுமதி இல்லாத எதையும் அங்கே செய்யாதீர்கள். ஏழை நாடு, ஆள் பற்றாக்குறை, அவர்களே கொடுக்கிறார்கள் என்று எந்தக் காரணம் சொன்னாலும் வேண்டாம். இது என் சொந்தக் கண்டிப்பு மட்டுமல்ல. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம், மருத்துவப் படிப்பில் சேருமுன் வெளிநாடு போகும் மாணவர்களுக்கு 2011-இல் எழுதிய வழிகாட்டுதல் இதையேதான் சொல்கிறது. அதற்கு முந்தைய வருஷம், உலகளாவிய சுகாதாரப் பயிற்சிக்கான நெறிமுறைகளை 'வெயிட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பணிக்குழு வெளியிட்டது. அனுப்பும் கல்லூரி, ஏற்கும் ஆஸ்பத்திரி, போகும் மாணவர் மூவருக்கும் தனித்தனியாகப் பொறுப்பு உண்டு என்று அதில் இருக்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் 'குளோபல் அம்பாசடர்ஸ் ஃபார் பேஷன்ட் சேஃப்டி' என்ற இணையவழிப் பயிற்சியை இலவசமாகச் செய்யலாம். கிளம்புமுன் அதை முடித்துவிடுங்கள் என்று என் மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியானால் என்னதான் செய்வது? கூடவே நின்று பார்க்கலாம். மேற்பார்வையில், இங்கே தேறிய வேலைகளைச் செய்யலாம்: ரத்த அழுத்தம் பார்ப்பது, எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, கை கழுவும் முறை சொல்லிக் கொடுப்பது, மருந்து அலமாரியைக் காலாவதி தேதிப்படி அடுக்குவது. கடைசியாகச் சொன்னதைப் பல பேர் மட்டமாக நினைக்கிறார்கள். நான்கு வாரத்தில் நான் செய்ததிலேயே அந்த நிலையத்துக்கு உண்மையாக உதவியது அதுதான். இதெல்லாம் போதாது என்று தோன்றினால் படிப்பை முடித்து, பதிவு வாங்கி, இரண்டு வருஷ அனுபவத்தோடு போங்கள். அப்போது உங்களால் கொடுக்க முடிவது இதைவிடப் பல மடங்கு.

இரண்டாவது படி: ஒன்பது மாதம் முன்பே காலண்டரை எடுங்கள்

டிக்கெட் இரண்டு மாதம் முன்பு போட்டால் போதும். ஆனால் உடம்பைத் தயார் செய்ய நாள் வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 10 யூனிட்டுக்கு மேல் இருந்தால் சரி. கூட்டிப் பாருங்கள், எட்டு மாதம் போய்விடுகிறது. வார்டில் கால் வைக்கும் எல்லோருக்கும் இது எப்படியும் வேண்டியதுதான். இன்னும் போடாதவர்கள் வெளிநாட்டுக் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டு நாளைக்கே ஆரம்பியுங்கள்.

பாஸ்போர்ட்டையும் இதே சமயத்தில் எடுத்துவிடுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேற்கொண்டு 2,000. எல்லைப்புறத்துப் பிள்ளைகள் ஒன்றைக் கவனியுங்கள். நமக்கு எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, அப்பா பெயர் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருக்கும். தமிழ்ப் பெயரை மலையாளத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனதில் வந்த குழப்பம் இது. பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு முன் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குங்கள். இதற்கே இரண்டு மூன்று மாதம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது படி: ஒத்திகையை இங்கேயே பாருங்கள்

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. வேறொரு பண்பாட்டில் போய் வாழ்வதற்கு நம்மைவிட நல்ல பயிற்சி யாருக்கும் கிடைத்திருக்காது. தினமும் ஒரு மொழியில் கிளம்பி இன்னொரு மொழிக்குள் போய்த் திரும்புகிறோம். அதைப் பயிற்சியாக நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

என் பாட்டியைப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தோம். நர்ஸ் "தூக்கம் எத்ரயா?" என்று கேட்டார். பாட்டி, "ரெண்டு மணி வரைக்கும் வர்றதே இல்லம்மா" என்றார். மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை. அப்புறம் "பனியுண்டோ?" என்றார். பாட்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பனி என்றால் அங்கே காய்ச்சல். 'வேதன' என்றால் அவர்களுக்கு உடம்பு வலி, நமக்கு வேதனை மனசில். 'மயக்கம்' என்று நாம் சொல்வது தலை சுற்றி விழுவதை. மலையாளத்தில் அதே சொல் தூக்கக் கலக்கத்தையும் குறிக்கும், தலைசுற்றலுக்கு 'தலகறக்கம்' என்பார்கள். நோயாளி "மயக்கம்" என்றால் எந்த மயக்கம் என்று கேட்காமல் எழுதினால் குறிப்பே தப்பாகிவிடும். குப்பம், நகரிப் பக்கத்தவர்களுக்குத் தெலுங்கில் இதே கதை. 'மந்து' என்றால் மருந்து, பேச்சில் சாராயத்துக்கும் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துக்கும் அதே சொல். "மந்து குடித்தேன்" என்று ஒருவர் சொன்னால் எது என்று கேட்டே ஆக வேண்டும்.

இவ்வளவு நெருங்கிய மொழிகளிலேயே இப்படி என்றால், சுத்தமாகத் தெரியாத மொழியில் எத்தனை தப்பு நடக்கும்? அதனால் ஒரு சின்ன நோட்டு போடுங்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வலியை, வாந்தியை, மாதவிடாயை, மூச்சுத் திணறலை எந்தச் சொல்லில் சொல்கிறார்கள் என்று அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே எழுதுங்கள். ஒரு மாதத்தில் இரண்டு மொழியிலும் ஐம்பது வாக்கியம் சேரும். அதே ஐம்பதையும் போகும் நாட்டு மொழியில் மாற்றிக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது பாலியேட்டிவ் கேர். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டி ஆரம்பித்த வலி தணிப்பு இயக்கம் இது. அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களை வைத்தே வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. இந்தியாவில் அதுதான் முதல். இன்று பஞ்சாயத்துகளில் பாலியேட்டிவ் சிஸ்டர் வண்டியில் வீடு வீடாகப் போகிறார். உங்கள் பஞ்சாயத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், ஹோம் கேருக்குக் கூட வரலாமா என்று கேளுங்கள். வாரம் ஒரு நாள், மூன்று மாதம் போங்கள்.

அங்கே என்ன கற்பீர்கள்? செருப்பை எங்கே கழற்றுவது, படுக்கையில் கிடப்பவரிடம் முதலில் பேசுவதா, வீட்டுப் பெரியவரிடமா, கொடுக்கிற கட்டன் சாயாவை மறுக்கலாமா, மருமகள் முன்னால் எதைக் கேட்கக் கூடாது, படுக்கைப்புண்ணின் நாற்றத்தில் முகம் மாறாமல் எப்படி உட்கார்ந்திருப்பது. ஒன்றும் செய்ய முடியாத வீட்டில் பத்து நிமிஷம் சும்மா இருந்துவிட்டு வருவது எப்படி என்பதை நான் அங்கேதான் கற்றேன். நேபாளத்துக்குப் போகுமுன் கற்றிருந்தால் அங்கே இவ்வளவு துடித்திருக்க மாட்டேன்.

பழங்குடி மக்களிடையே வேலை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு அட்டப்பாடி பக்கத்திலேயே இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து ஆனைக்கட்டி வழியாகப் போகலாம். இருளர், முதுகர், குறும்பர் மூன்று சமூகத்தாரும் வாழும் இடம். இருளர் பேசும் மொழி தமிழுக்கு மிகவும் நெருக்கம். கோட்டத்தரையில் பழங்குடியினருக்கான அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் நினைத்த மாத்திரத்தில் பழங்குடி ஊருக்குள் நுழையக் கூடாது. பழங்குடி மேம்பாட்டுத் துறையிடம் அனுமதி கேட்டு, ஊர்த் தலைவரான மூப்பனிடம் சொல்லி, உள்ளூர் சுகாதார ஊழியரோடு போக வேண்டும். நீலகிரியில் கூடலூரில் 1990-இல் தொடங்கிய அஸ்வினி அமைப்பையும் பாருங்கள். ஆதிவாசிப் பெண்களையே பயிற்சி கொடுத்து நர்ஸுகளாகவும் சுகாதார ஊழியர்களாகவும் ஆக்கிய இடம். வெளியிலிருந்து வருகிறவர் எவ்வளவு செய்ய வேண்டும், எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடத்தை நான் பார்க்கவில்லை.

இந்த மூன்று மாதத்தை முடித்த பிறகு வெளிநாடு வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்று தோன்றினால் அதுவும் நல்ல முடிவுதான். அப்படி நின்ற இரண்டு பேர் என் மாணவர்களில் உண்டு.

நான்காவது படி: யார் வழியாகப் போவது

எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு வழி தெளிவாக இருக்கிறது. மருத்துவ மாணவர் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 1951-இலிருந்து இயங்குகிறது. இந்தியாவில் அதன் உறுப்பு அமைப்பு மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா. ஆஸ்பத்திரிப் பணிக்கு 'ஸ்கோப்', ஆராய்ச்சிக்கு 'ஸ்கோர்' என்று இரண்டு பரிமாற்றத் திட்டங்கள், பெரும்பாலும் நான்கு வாரம். நீங்கள் அங்கே போக, அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். இந்தக் கொடுக்கல் வாங்கல் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் யாரும் யாருக்கும் தர்மம் செய்வதில்லை. பார்மசி மாணவர்களுக்கு 1949-இல் தொடங்கிய சர்வதேச பார்மசி மாணவர் கூட்டமைப்பின் பரிமாற்றத் திட்டம் இருக்கிறது. பல் மருத்துவத்துக்கும் இதே போல் ஒன்று உண்டு.

நர்சிங், பிசியோதெரபி, லேப் மாணவர்களுக்கு இவ்வளவு நேரான வழி இல்லை. முதலில் உங்கள் காலேஜுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி எதனோடாவது ஒப்பந்தம் இருக்கிறதா என்று பிரின்சிபாலிடம் கேளுங்கள். கேரளத்து நர்ஸுகள் இல்லாத நாடு இல்லை என்பதால் சீனியர்கள் யாராவது ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் இருப்பார்கள், அதுவும் ஒரு வாசல்தான்.

கடைசி வழி, பணம் வாங்கிக்கொண்டு அனுப்பும் கம்பெனிகள். எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். பணம் கட்டுமுன் இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். என்னை மேற்பார்வை பார்ப்பவர் யார், அவருக்கு அந்த நாட்டு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா? நான் கட்டும் பணத்தில் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு போகிறது? என்னை வரச் சொல்லும் கடிதத்தை அந்த ஆஸ்பத்திரியே எழுதுமா? எனக்குத் தெரியாத வேலையைக் கொடுத்தால் மறுக்கலாமா, மறுத்தால் யாரிடம் சொல்வது? போன வருஷம் போன மாணவர் ஒருவரிடம், நீங்கள் தேர்ந்தெடுத்தவரிடம் அல்ல, நான் தேர்ந்தெடுப்பவரிடம் பேசலாமா? இவற்றுக்கு வழுக்கலான பதில் வந்தால் விட்டுவிடுங்கள். "முன் அனுபவம் தேவையில்லை, முதல் நாளே தையல் போடலாம்" என்று விளம்பரம் இருந்தால் படித்த இடத்திலேயே மூடிவிடுங்கள். அனாதை இல்லத்துக் குழந்தைகளோடு ஒரு வாரம் என்பதும் வேண்டாம். வாரத்துக்கொரு அண்ணனும் அக்காவும் வந்து அன்பு காட்டிவிட்டுப் போவது அந்தக் குழந்தைகளைப் புண்ணாக்குகிறது.

ஐந்தாவது படி: எந்த நாடு

இலங்கை பக்கத்தில் இருக்கிறது, தமிழும் போதும் என்று நினைப்பீர்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று தமிழ் பேசும் பகுதிகள் இருப்பது உண்மை. ஆனால் அங்கே 'வருத்தம்' என்றால் நோய். 'குளிசை' என்றால் மாத்திரை, 'தடிமன்' என்றால் ஜலதோஷம், 'சத்தி' என்றால் வாந்தி. "டாக்டர் பேசினார்" என்றால் திட்டினார் என்று அர்த்தம், சாதாரணமாகப் பேசுவது 'கதைப்பது'. பீருமேடு, மூணாறு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மலையகத்து லயன் வீடுகள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) தங்கள் சொந்த லயத்தைப் போலவே தோன்றும். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச சிகிச்சை. 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதை எப்படிச் சாதித்தார்கள் என்று பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நேபாளம் நம் கைக்கு எட்டும் நாடு. இந்தியர்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதார் உங்கள் வயதுக்குச் செல்லாது. நான் பாலக்காட்டில் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் ஏறி, கோரக்பூரில் இறங்கி, சோனௌலி எல்லையை நடந்தே தாண்டினேன். அங்கே இரண்டு பக்கத்துப் பலகைகளும் ஒரே எழுத்தில், மொழிதான் வேறு. இரண்டு பக்கமும் மக்கள் பேசுவது போஜ்புரி. வேலந்தாவளத்தை நினைத்துக்கொண்டேன். விசா வேண்டாம் என்பதால் நோயாளியைத் தொட அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அதற்கு ஆஸ்பத்திரியின் எழுத்து அனுமதி தனியாக வேண்டும். கண் சிகிச்சை படிப்பவர்கள் காத்மாண்டுவின் தில்கங்கா கண் நிலையத்தை முயற்சி செய்யுங்கள், 1994-இல் தொடங்கியது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை மலிவாகச் செய்ய மதுரையில் ஆரோலேப் 1992-இல் ஆரம்பித்தது, தில்கங்காவும் அதே வழியில் லென்ஸ் செய்கிறது. நம் ஊர்க் கதையின் இன்னொரு பாதியை அங்கே பார்க்கலாம். கிராமத்துக்குப் போனால் 1988-இலிருந்து இயங்கும் பெண் சமூக சுகாதாரத் தன்னார்வலர்களோடு நடந்து போங்கள். நம் ஆஷா அக்காக்களை நினைவுபடுத்துவார்கள்.

ஒரு எச்சரிக்கை. நேபாளத்தில் தேதி விக்ரம ஆண்டுக் கணக்கில் இருக்கும், நம்முடையதைவிட ஏறக்குறைய 57 வருஷம் கூடுதல். நான் போனபோது பதிவேட்டில் 2069 என்று இருந்தது. குழந்தையின் வயதைக் கணக்கிடும்போது, மருந்தின் அளவு அதைப் பொறுத்தது என்பதால், இதில் தடுமாறக் கூடாது. சனிக்கிழமைதான் வார விடுமுறை. தசைன் பண்டிகை நாட்களில் பாதி ஊழியர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், அந்த இரண்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கென்யா, உகாண்டா போன்ற கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் செலவும் தூரமும் கூடியவை, எச்.ஐ.வி., மலேரியா, காசநோய் மூன்றையும் ஒரே வார்டில் பார்ப்பீர்கள். மூன்றாம் வருஷத்துக்குக் கீழே உள்ளவர்களை நான் அனுப்ப மாட்டேன். சுவாஹிலியில் மணியை விடியற்காலை ஆறிலிருந்து எண்ணுகிறார்கள். 'சா மோஜா', அதாவது ஒரு மணி என்றால் நம் கணக்கில் ஏழு. "இரண்டு மணிக்கு மாத்திரை போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால் அவர் எட்டு மணிக்குப் போடுவார். காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம், படுக்கப் போகுமுன் என்று சொல்வதே பத்திரம்.

ஆறாவது படி: காகிதமும் பணமும்

டூரிஸ்ட் விசாவில் போய் ஆஸ்பத்திரியில் நிற்பது பல நாடுகளில் சட்ட விரோதம், சம்பளம் வாங்காவிட்டாலும்கூட. கம்பெனிக்காரர் "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொன்னால் நம்பாதீர்கள். தூதரகத்துக்கு மெயில் எழுதி, எந்த விசா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். இலங்கைக்குத் துணைத் தூதரகம் சென்னையிலேயே இருக்கிறது. கென்யா 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதிலாக இணைய வழிப் பயண அனுமதி முறைக்கு மாறிவிட்டது. அதிலும் வருகையின் நோக்கத்தை உண்மையாக எழுதுங்கள்.

காலேஜிலிருந்து மூன்று கடிதம்: நீங்கள் இந்த வருஷத்து மாணவர் என்பதற்கு ஒன்று, விடுப்புக்கு ஒன்று, எந்தெந்த வேலையில் தேறியிருக்கிறீர்கள் என்பதற்கு ஒன்று. மூன்றாவதுதான் உங்களைக் காப்பாற்றும். "இந்தப் பட்டியலுக்கு வெளியே செய்ய என் காலேஜ் அனுமதிக்கவில்லை" என்று காட்டினால் அங்கே யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, அவசரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கோ ஊருக்கோ கொண்டுபோகும் செலவு அதில் சேருமா என்று பாருங்கள். மலைக் கிராமத்துக்குப் போகிறவர்களுக்கு அதுதான் முக்கியம். பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். திரும்பும் டிக்கெட்டும் ஒரு வாரச் சாப்பாட்டுப் பணமும் தொடாத பணமாகத் தனியாக இருக்கட்டும். இதற்காக நகையை அடகு வைக்கவோ வட்டிக்கு வாங்கவோ வேண்டாம், நான்கு வாரப் பயணம் அதற்குத் தகுதியானது அல்ல. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் விவரம் பதிந்துவிட்டு, இந்தியத் தூதரக எண்ணை வீட்டிலும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஏழாவது படி: உடம்பு

ஹெபடைடிஸ் பி முன்பே சொல்லிவிட்டேன். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் மூன்றையும் டாக்டரிடம் பேசிக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு முடியுங்கள். கென்யா, உகாண்டா என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். நாம் சாதாரணமாகச் சொல்லும் மஞ்சள் காமாலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும் போடுவார்கள், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அதில் ஒன்று. போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மலேரியா உள்ள இடத்துக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தால், போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு ஆரம்பித்துத் திரும்பி வந்து நான்கு வாரம் வரை தினமும் சாப்பிட வேண்டும். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுகிற பிள்ளைகளே அதிகம்.

ஊசி குத்திவிட்டால்: சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை அந்த ஊரில் கிடைக்குமா என்று போகுமுன் கேளுங்கள். கிடைக்காது என்றால் ஊசி, ரத்தம் பக்கமே போகாதீர்கள். நாய் கடித்தால் 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தடுப்பூசிக்கு ஓடுங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

எட்டாவது படி: அங்கே போன பிறகு

முதல் வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வையுங்கள். "எங்கள் கேரளாவில் இப்படி" என்ற வாக்கியத்தை அந்த வாரம் சொல்லவே சொல்லாதீர்கள். கையுறையைக் கழுவித் திரும்ப உபயோகிப்பதைப் பார்ப்பீர்கள். அவர்களுக்கும் அது தப்பு என்று தெரியும், இல்லாததால் செய்கிறார்கள்.

உறவு முறை சொல்லிக் கூப்பிடுங்கள். நேபாளத்தில் 'தாய்' என்றால் அண்ணன், 'தீதி' என்றால் அக்கா. "கஹாம் துக்ச?", எங்கே வலிக்கிறது? சுவாஹிலியில் "உனாஉம்வா வாபி?" பெரியவர்களைப் பார்த்ததும் "ஷிகமூ" சொன்னால் "மரஹபா" என்று பதில் வரும், அதற்குப் பிறகு அந்தப் பாட்டி உங்களைத் தன் பேத்தி மாதிரி நடத்துவார். கஷ்டத்தில் இருப்பவரிடம் சொல்லும் 'போலே' என்ற சொல்லை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மருந்து அளவு, ஆபரேஷன் சம்மதம் போன்றவற்றை உங்கள் அரைகுறை மொழியில் பேசாதீர்கள், உள்ளூர் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மறுப்பதற்கு ஒரு வாக்கியத்தை முன்பே மனப்பாடம் செய்யுங்கள்: "எனக்கு இதில் பயிற்சி இல்லை, நீங்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாமா?" அன்றைக்கு என்னிடம் இந்த வாக்கியம் இருந்திருக்க வேண்டும்.

போட்டோ. நோயாளி படம் வேண்டவே வேண்டாம், சம்மதம் கேட்டாலும் சரி. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கேட்டால் இல்லை என்று சொல்ல அவர்களால் முடியாது. உங்கள் அம்மாவைக் கட்டிலில் கிடக்கும்போது யாரோ படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

தங்குவதற்கு ஹாஸ்டலைவிட வீடு நல்லது. மாலையில் அடுப்படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுங்கள். அங்கே குழந்தை பெற்றவளுக்கு என்ன கொடுக்கிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள், காய்ச்சலுக்கு முதலில் யாரிடம் போகிறார்கள் என்பதெல்லாம் அடுப்படியில்தான் தெரியும். நான் தங்கிய வீட்டில் பிரசவித்த பெண்ணுக்கு ஜ்வானோ என்ற ஓமக் கஞ்சி கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலும் ஓமம்தான் என்று சைகையில் சொன்னேன். அந்த வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினார்.

ஒன்பதாவது படி: திரும்பி வந்த பிறகு

ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கத்தில் நன்றியும், நீங்கள் செய்த வேலையின் விவரமும் எழுதி அனுப்புங்கள். அடுக்கிய அலமாரியின் பட்டியல், எழுதிய பதிவேட்டின் முறை எல்லாம் அடுத்து வருகிறவருக்கு உதவும். ஐம்பது வாக்கிய நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் காலேஜ் நூலகத்தில் வையுங்கள்.

மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் காய்ச்சல் வந்தால், அதுவும் முதல் மூன்று மாதத்தில் வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இங்கே மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் டாக்டர்கள் முதலில் டெங்கு, எலிக்காய்ச்சல் என்றுதான் யோசிப்பார்கள். உள்ளே நுழைந்ததும் எந்த நாட்டுக்குப் போய் எந்தத் தேதியில் திரும்பினீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி, மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மலையாளத்தில் சொல்லும்போது 'பனி' என்று சொல்ல மறக்காதீர்கள்.